பகிடியும் வதையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்திய பேச்சு)

 

இத்தகைய ஆண்டு விழாக்களிலே சமயம், இலக்கியம், சமூக சேவை என்னும் பொருள்களைப் பற்றிப் பேசுவதே பெரும்பாலும் வழக்கமாக இருந்து வருகின்றது. இம்முறை பிள்ளைகளின் நலத்தைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் கேட்டுக்கொண்டனர். பரீட்சையைப் பற்றிப் பேசுவதற்குப் பலர் உளர். உடல்நலத்தைப் பற்றிப் பேசுவதற்கு வைத்தியர்கள் உளர். வீட்டிலும் பேசப்படாது மேடையிலும் எடுக்கப்படாது கிடக்கும் ஒரு பொருளை நான் தெரிந்துகொண்டேன். ஒரு பிள்ளைக்கு இன்னொரு பிள்ளை, அல்லது பல பிள்ளைகள் கூடி, நாள்தோறும் இழைக்கும் கொடுமையே அப்பொருள்.

எங்கள் ஊர்ப் பேச்சிலே இதற்குச் சண்டித்தனம் என்று ஒரு பெயர் உண்டு. ஆனால், அடியும் உதையும் இல்லாத கொடுமைகள் அந்தச் சொல்லுக்குள் அடங்குவதில்லை. பட்டப்பெயர் வைத்து அழைப்பது, நெளித்துக் காட்டுவது, விளையாட்டிலே சேர்க்காது ஒதுக்குவது, கொப்பியை ஒளித்து வைப்பது, சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்துச் சிரிப்பது ஆகிய இவையெல்லாம் “சும்மா பகிடிக்கு” என்னும் ஒரே விடைக்குள்ளே ஒளிந்துகொள்ளுகின்றன. பல்கலைக்கழகங்களிலே நிகழும் கொடுமைக்குப் பகிடிவதை என்று தமிழிலே பெயரிட்டவர் எவரோ, அவர் மிக நுட்பமாகவே பெயரிட்டிருக்கின்றார். பகிடி எங்கே முடிகின்றது, வதை எங்கே தொடங்குகின்றது என்பதே நாம் முதலில் அறியவேண்டியது.

இருவரும் சேர்ந்து சிரித்தால் அது பகிடி. ஒருவன் சிரிக்க, மற்றவன் குன்றிப்போவானாயின் அது வதை. சிறுவரின் மனத்துக்கு இவ்வளவு விளக்கம் போதும். பெரியோர்களாகிய நமக்கு இன்னும் சிறிது தெளிவு வேண்டும். இத்துறையிலே வாழ்நாள் முழுவதும் ஆராய்ச்சி செய்தவர் டான் ஒல்வேயஸ் என்னும் அறிஞர். சுவீடனிலே பிறந்து நோர்வே நாட்டின் பேர்கன் நகரிலே பணியாற்றி, 2020ஆம் ஆண்டிலே காலமானவர். அவர் மூன்று அடையாளங்களைக் காட்டினார். நோகச் செய்யவேண்டும் என்னும் எண்ணத்தோடு செய்தல் முதலாவது. திரும்பத் திரும்பச் செய்தல் இரண்டாவது. செய்பவனுக்கும் படுபவனுக்கும் இடையே வலிமை வேறுபாடு இருத்தல் மூன்றாவது. அந்த வலிமை உடல் வலிமையாக மட்டும் இருக்கவேண்டும் என்பதில்லை. கூட்டாளிகளின் தொகையாகவோ, வயதாகவோ, பணமாகவோ, சாதிச் செருக்காகவோ இருக்கலாம். சமவலிமையுள்ள இருவர் பந்துக்காகச் சண்டையிட்டு மறுநாள் கூடி விளையாடுவது பிள்ளைகளின் இயல்பு. அதை நாம் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. எழுந்து நின்று எதிர்க்கமுடியாத ஒருவனை நாள்தோறும் குத்திக்கொண்டிருப்பது வேறு வகையைச் சேர்ந்தது.

இஃது எங்கோ ஒரு மூலையிலே நடப்பதன்று. யுனெஸ்கோ நிறுவனம் 2019இலே பல நாடுகளின் கணக்குகளைத் தொகுத்து வெளியிட்ட அறிக்கையின்படி, பாடசாலை செல்லும் பிள்ளைகளிலே ஏறக்குறைய மூவரில் ஒருவர் முன்சென்ற ஒரு மாதத்துக்குள் ஒரு தடவையேனும் சக மாணாக்கரால் இவ்வாறு துன்புறுத்தப்பட்டிருந்தனர். இம்மண்டபத்திலே எத்தனை பிள்ளைகள் இருக்கின்றார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பின்பு மூன்றால் வகுத்துப் பாருங்கள்.

எந்தப் பிள்ளை இதற்கு ஆளாகின்றது? சிறிது வேறுபட்டு நிற்கும் பிள்ளை. திக்கித் திக்கிப் பேசும் பிள்ளை வாசிப்புப் பாடத்துக்கு எழும்பும்போது பின்வாங்கிலிருந்து அதேபோலத் திக்கும் குரல் கேட்கும். கறுத்த பிள்ளை, பருத்த பிள்ளை, காலிலே குறையுள்ள பிள்ளை, தகப்பன் இல்லாத பிள்ளை, தாய் வெளிநாட்டிலே வேலை செய்யும் பிள்ளை, மலைநாட்டிலிருந்து வந்து வேறு ஓசையோடு தமிழ் பேசும் பிள்ளை, ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பட்டப்பெயர். யுத்த காலத்திலே, சிறப்பாக 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்து இடப்பெயர்வின் பின்னர், ஊர்விட்டு ஊர் சென்று புதிய பாடசாலைகளிலே சேர்ந்த பிள்ளைகளிற் சிலர் ‘அகதி’ என்னும் சொல்லையே பெயராகச் சுமந்தனர். வீட்டையும் தோட்டத்தையும் விட்டு வந்த துன்பத்தை ஆற்றிக்கொண்டவர்கள்கூட, அந்த ஒரு சொல்லை இன்றுவரை மறக்கவில்லை.

“பிள்ளைகள்தானே, வளர்ந்தாற் சரியாகிவிடும்” என்று சொல்லுவோர் உண்டு. அவர்களுக்கு நான் மகாபாரதத்தை நினைவூட்ட விரும்புகின்றேன். குருட்சேத்திரத்துப் பகை எங்கே முளைத்தது? நாட்டைப் பங்கிடும்போது மட்டும் முளைத்ததன்று. பாண்டவரும் கௌரவரும் சிறுபிள்ளைகளாய் ஒரே அரண்மனையிலே வளர்ந்த காலத்தில், வலிமை மிகுந்த வீமன் கௌரவச் சிறுவரைத் தலைமயிரிற் பிடித்து இழுத்தான். நீர் விளையாட்டிலே பத்துப்பேரை ஒருங்கே பற்றித் தண்ணீருக்குள் அமிழ்த்தினான். பழம் பறிக்க மரத்தில் ஏறியவர்களை, மரத்தை உதைத்துக் கனியோடு கனியாக விழுத்தினான். அவன் பகையினால் அப்படிச் செய்யவில்லை, பிள்ளைமையினாலே செய்தான் என்று நூலே கூறுகின்றது. ஆனால், விழுந்தவர்களுக்கு அது விளையாட்டாகத் தோன்றவில்லை. துரியோதனன் நெஞ்சிலே அது நஞ்சாக ஊறியது. பின்னர் அந்நஞ்சே வீமனுடைய உணவிலே கலந்தது. இவ்வளவும் நடந்தது பேரறிஞரான பெரியோர் நிறைந்த ஒரு வீட்டிலே. அவர்களுள் ஒருவர் அந்த மரத்தடிக்குச் சென்று, “தம்பி, நீ சிரிக்கின்றாய், அவர்கள் அழுகின்றார்கள், பார்” என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

நிற்க. இக்கொடுமைக்கு ஆளாகிய பிள்ளைக்கு நம்மவர் வழக்கமாகக் கூறும் புத்திமதிகள் இரண்டு. “நீயும் திருப்பி அடி” என்பது ஒன்று. “பேசாமல் பொறுத்துக்கொள், கணக்கெடுக்காதே” என்பது மற்றொன்று. ஒன்றுக்கொன்று எதிரானவைபோலத் தோன்றினும், இவ்விரண்டும் ஒரே குற்றமுடையவை. இரண்டும் முழுப் பாரத்தையும் அந்தப் பிள்ளையின் தலையிலேயே வைத்துவிட்டு, நம்மை விடுவித்துக்கொள்ளுகின்றன.

திருப்பி அடிக்கக்கூடிய வலிமை இருந்தால் அவன் இந்நிலைக்கு ஆளாகியிருக்கவே மாட்டான். துணிந்து அடித்தாலும், முதலடியை எவரும் காண்பதில்லை. ஆசிரியரின் கண்ணிலே படுவது இரண்டாம் அடியே. இறுதியில் தண்டனை அவனுக்கே கிடைக்கும். பொறுத்துக்கொள் என்பதோ, உனக்கு நடப்பது நடக்கத் தக்கதே என்று அவனுக்குச் சொல்லுவதாக முடிகின்றது. பொறுமை சிறந்த குணம் என்பதில் ஐயமில்லை. ஆனால், வலியவன் தன் வலிமையை அடக்கிக்கொள்வதே பொறுமை. வழியற்றவன் வாய்மூடி இருப்பதைப் பொறுமை என்று புகழ்வது பொருந்தாது.

அப்படியானால் யார் என்ன செய்யவேண்டும்? இன்று நான் கூற வந்த செய்தி இதிலேயே அடங்கியிருக்கின்றது. சண்டித்தனம் இருவருக்கு இடையே நடக்கும் காரியமன்று. அதற்குக் கூட்டம் வேண்டும். சிரிப்பதற்கு ஆள் இல்லாத இடத்திலே பட்டப்பெயர் நெடுநாள் வாழாது. கனடாவின் ரொறன்ரோ நகரத்துப் பாடசாலைகளின் விளையாட்டு முற்றங்களிலே நடப்பவற்றை ஒளிப்படக் கருவியாலும் ஒலிவாங்கியாலும் பதிவுசெய்து ஆராய்ந்த அறிஞர் மூவர், தம் முடிவுகளை 2001இலே வெளியிட்டனர். நூறு நிகழ்ச்சிகளை எடுத்தால் அவற்றுள் 88இலே மற்றப் பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். அவர்களுள் எவரேனும் குறுக்கிட்டுத் தடுத்தது 19இலே மாத்திரம். ஆனால், அவ்வாறு ஒரு பிள்ளை குறுக்கிட்டபோது, பாதிக்கு மேற்பட்ட தடவைகளிலே, சரியாகச் சொன்னால் நூற்றுக்கு 57இலே, பத்து வினாடிக்குள் அக்கொடுமை நின்றது. பத்து வினாடி! ஒரு செம்பு தண்ணீர் குடிப்பதற்குச் செல்லும் நேரம்கூட அன்று.

பின்லாந்து நாட்டின் துர்க்கு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்தினா சல்மிவல்லி என்னும் பேராசிரியையும் அவருடன் பணியாற்றியோரும், 1996இலே வெளியிட்ட ஆராய்ச்சியிலே சுற்றி நிற்போரையும் வகைப்படுத்திக் காட்டினர். கைகொடுத்து உதவுவோர் சிலர். சிரித்து ஊக்குவோர் சிலர். காணாதவர்போல விலகுவோர் சிலர். துன்புறுவோன் பக்கம் நிற்போர் சிலர். இந்த அறிவைக் கொண்டு அந்நாட்டார் ஒரு திட்டம் வகுத்து, 2009 முதல் நாடெங்கும் பாடசாலைகளிலே பரப்பினர். அத்திட்டத்தின் முறைகளுள் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. துன்பப்படும் பிள்ளையின் வகுப்பிலே நல்ல மனமும் செல்வாக்கும் உடைய இரண்டு மூன்று பிள்ளைகளை ஆசிரியர் தனியே அழைத்து, “இவனுக்கு நீங்கள் எப்படித் துணையாக இருக்கலாம்?” என்று கேட்கின்றார். அவ்வளவுதான். இதற்குப் பணமும் வேண்டாம், கட்டடமும் வேண்டாம். எந்தக் கிராமத்துப் பாடசாலையிலும் நாளைக்கே தொடங்கலாம்.

நமது பழங்கதையிலும் இத்தகைய ஒருவன் இருக்கின்றான். திரௌபதியைச் சபைக்கு இழுத்து வந்தபோது பெரியோர் பலர் தலைகுனிந்து இருந்தனர். துரியோதனனின் தம்பியருள் ஒருவனாகிய விகர்ணன் எழுந்து, “இவள் கேட்கும் கேள்விக்கு விடை கூறுங்கள், இது முறையன்று” என்னும் கருத்துப்படப் பேசினான். கர்ணன் அவனைச் சிறுபிள்ளை என்று இகழ்ந்து அடக்கினான். விகர்ணனின் சொல் அன்று வெல்லவில்லை. ஆனாலும், தன் கூட்டத்தார் தவறு செய்யும்போது அக்கூட்டத்துக்குள்ளிருந்தே எழுந்த குரல் அஃது. பிள்ளைகளுக்குக் கதை சொல்லும்போது வில்லையும் கதாயுதத்தையும் பற்றி விரிவாகச் சொல்லும் நாம், விகர்ணனையும் மறவாது சொல்லவேண்டும்.

இனிப் பெற்றோருக்குச் சில வார்த்தைகள். துன்பப்படும் பிள்ளை பெரும்பாலும் வாய்திறப்பதில்லை. வெட்கம் ஒரு காரணம். சொன்னால் இன்னும் கூடும் என்னும் பயம் ஒரு காரணம். அம்மாவுக்கு இருக்கும் கவலை போதாதா என்னும் இரக்கமும் ஒரு காரணம். ஆகவே அடையாளங்களை நாமே கவனிக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை இரவிலும் திங்கட்கிழமை காலையிலும் வயிற்றுவலி. அடிக்கடி தொலையும் பேனை, கிழியும் சட்டை. முன்பு சென்ற பாதையை விட்டுச் சுற்றுப்பாதையாற் செல்லல். பாடசாலையில் ஒன்றும் உண்ணாமல் பசியோடு வீடு வருதல். காரணம் கூறாமற் காசு கேட்டல். ஒருவருடைய பெயரைச் சொன்னதும் முகம் மாறுதல். இவற்றுள் ஒன்று இருந்தால் முடிவுகட்டிவிட வேண்டாம். பல கூடினால் அருகே அமர்ந்து கேளுங்கள்.

கேட்கும் கேள்வியும் முக்கியம். “இன்றைக்கு என்ன படிப்பித்தார்கள்?” என்று கேட்டால் பாடத்தின் பெயர் வரும். “இடைவேளைக்கு யாரோடு இருந்தாய்? வரும்போது பஸ்ஸிலே யார் பக்கத்தில் இருந்தது?” என்று கேட்டால் பிள்ளையின் வாழ்க்கை வரும். வாய்திறந்து சொல்லத் தொடங்கியதும், “நீ என்ன செய்தாய்? நீ சும்மா இருக்க அவன் ஏன் அடிக்கிறான்?” என்று விசாரணை நடத்தாதீர்கள். அந்த ஒரு கேள்வியோடு கதவு அடைபட்டுவிடும். மறுமுறை அது திறக்காது. முழுவதும் கேட்டபின், “நீ எனக்குச் சொன்னது நல்லது. இதில் உன்மேற் பிழையில்லை. இனி என்ன செய்யலாம் என்று இருவரும் யோசிப்போம்” என்று சொல்லுங்கள். இம்மூன்று வாக்கியங்களும் மருந்தைப் போன்றவை.

அதன்பின் சினத்தோடு மற்றப் பிள்ளையின் வீட்டுப் படலையிலே போய் நிற்காதீர்கள். பிள்ளைகளின் காரியம் இரண்டு குடும்பங்களின் பகையாக மாறும். இரண்டாம் நாள் அந்தப் பகையின் பலனையும் உங்கள் பிள்ளையே அனுபவிக்கும். என்ன நடந்தது, எந்த நாள், எந்த இடம், யார் யார் நின்றார்கள் என்பவற்றை ஒரு கொப்பியிலே குறித்து வையுங்கள். வகுப்பாசிரியரைச் சந்தித்து அமைதியாகக் கூறுங்கள். அவர் என்ன செய்வார், எப்போது செய்வார் என்று கேட்டு அறியுங்கள். ஒரு கிழமை கழித்து மீண்டும் போய் விசாரியுங்கள். பயனில்லையாயின் அதிபரிடம் செல்லுங்கள். பிள்ளை கடுமையாகத் துன்புறுத்தப்படுமானால், 1998இன் 50ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை இருக்கின்றது. அதன் சிறுவர் உதவித் தொலைபேசி எண் 1929. அந்த நான்கு இலக்கங்களையும் பிள்ளையே மனப்பாடம் செய்திருத்தல் நன்று.

பிள்ளைக்கும் நாம் சிலவற்றைப் பழக்கலாம். நிமிர்ந்து நின்று, கண்ணைப் பார்த்து, “எனக்கு இது பிடிக்கவில்லை, நிறுத்து” என்று அழாமலும் ஏசாமலும் ஒரு தரம் சொல்லிவிட்டு, ஆட்கள் இருக்கும் பக்கமாக நடந்துபோதல் ஒரு பழக்கம். நாடகத்துக்கு ஒத்திகை பார்ப்பதுபோல வீட்டு விறாந்தையிலே தகப்பனும் பிள்ளையும் அதனைப் பழகிப் பார்க்கவேண்டும். பழகாத சொல் வேண்டிய நேரத்திலே நாவில் வராது. தனித்துத் திரியாமல் ஒரு தோழனோடேனும் சேர்ந்திருத்தல் இன்னொரு பழக்கம். எல்லாவற்றிலும் முக்கியமானது, பெரியவர் ஒருவருக்குச் சொல்லுதல்.

இங்கே ஒரு தடை உண்டு. கோள் சொல்லுதல் இழிவு என்று நாம் பிள்ளைகளுக்குப் படிப்பித்திருக்கின்றோம். அது சரியே. ஆனால், கோளுக்கும் முறையீட்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் படிப்பிக்க மறந்துவிட்டோம். ஒருவனை மாட்டிவிடுவதற்காகச் சொல்லுவது கோள். ஒருவனைக் காப்பாற்றுவதற்காகச் சொல்லுவது முறையீடு. “ரீச்சர், இவன் என் பென்சிலைப் பார்த்தான்” என்பது கோள். “ரீச்சர், கிணற்றடியிலே சின்னவனைப் பிடித்து வைத்திருக்கின்றார்கள்” என்பது முறையீடு. முன்னையதைக் கேட்டுச் சிரிக்கலாம். பின்னையதைக் கேட்டவுடன் எழுந்து நடக்கவேண்டும்.

கைத்தொலைபேசி வந்தபின்னர் இக்கொடுமைக்கு மணியடிக்கும் நேரமும் இல்லை, படலையும் இல்லை. முன்பு பாடசாலையில் அடிபட்ட பிள்ளைக்கு வீடாவது புகலிடமாக இருந்தது. இப்பொழுது வட்ஸ்அப் குழுவிலே வரும் கேலிப்படம் படுக்கைவரை கூடவே வருகின்றது. இதற்குப் பதில் எழுத வேண்டாம், அழிக்கவும் வேண்டாம். அப்படியே படமாகப் பதிந்து வைத்துப் பெரியவருக்குக் காட்டவேண்டும். பெற்றோரே, பிள்ளை காட்டியவுடன் தொலைபேசியைப் பறித்து அலுமாரியில் வைத்துப் பூட்டாதீர்கள். துன்பப்பட்டவனுக்கே தண்டனை என்றால் அடுத்தமுறை அவன் உங்களிடம் வரமாட்டான்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் பணிவோடு ஒன்று கூறவேண்டும். வகுப்பிலே ஆசிரியர் வைக்கும் பட்டப்பெயர் அரசாங்க முத்திரை பதித்த நாணயம் போன்றது, எங்கும் செல்லும். ஆசிரியர் ஒருமுறை “மந்தி” என்றால் அந்தப் பிள்ளை பத்தாண்டு மந்தியாகவே இருக்கவேண்டியதுதான். “அடியாத மாடு படியாது” என்னும் பழமொழியையும் இனி மாட்டுக்கொட்டிலோடு விட்டுவிடுவோம். மாணவன் ஒருவனின் கன்னத்தில் ஆசிரியர் அறைந்ததனால் அவனுடைய செவிப்புலன் பாதிக்கப்பட்ட வழக்கிலே, 2021 பெப்ரவரியில் எமது நாட்டு உயர் நீதிமன்றம் அம்மாணவனின் அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று தீர்ப்பளித்தது. சட்டம் ஒருபுறம் இருக்க, வலியவன் எளியவனை அடிக்கலாம் என்னும் பாடத்தைக் காலையிலே பிரம்பால் படிப்பித்துவிட்டு, இடைவேளையிலே அதைச் செய்துகாட்டும் மாணவனைக் குற்றம் சொல்வது எப்படிப் பொருந்தும்?

இன்னொன்றும் கவனிக்கவேண்டும். இருவரையும் முன்னால் நிறுத்திக் கைகுலுக்கச் சொல்லி அனுப்பிவிட்டால் காரியம் முடிந்தது என்று சிலர் எண்ணுகின்றனர். சமமானவரின் சண்டைக்கு அது நல்ல மருந்து. சமமில்லாதவர் நடுவே அது, கொடுமைப்பட்டவன் கொடுமை செய்தவனுக்குக் கைகொடுக்கும் இன்னோர் அவமானமாகவே முடியும். இருவரையும் தனித்தனியே அழைத்து விசாரித்தலே நலம்.

கொடுமை செய்யும் பிள்ளையைப் பற்றியும் பேசாது விடுதல் நீதியாகாது. அவனும் நம் பிள்ளையே. ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை இவ்வாறு நடந்துகொண்ட சுவீடன் நாட்டுச் சிறுவரை ஒல்வேயஸ் பின்தொடர்ந்து ஆராய்ந்தபோது, அவர்களுள் ஏறக்குறைய நூற்றுக்கு 60 பேர் 24 வயதுக்குள் ஒரு குற்றத்துக்காயினும் நீதிமன்றத்திலே தண்டனை பெற்றிருந்தனர். ஆகவே, “என்ரை பிள்ளை ஆம்பிளைப்பிள்ளை, அப்படித்தான் இருக்கும்” என்று பெருமை கொள்ளும் பெற்றோர், தம் பிள்ளைக்கே தீங்கு செய்கின்றனர். அவனைப் பலர் முன்னிலையிலே அவமானப்படுத்தித் திருத்த முயலவேண்டாம்; அவமானம் சண்டித்தனத்துக்கு எருவாகும். செய்தது இன்னது, அதனால் மற்றவனுக்கு நேர்ந்தது இன்னது, இனி இது நடவாது என்று உறுதியாகச் சொல்லி, கெடுத்த பொருளைத் தன் கையாலே திருத்திக் கொடுக்கச் செய்யவேண்டும். வீட்டிலே அவன் யாரிடம் அடிவாங்குகின்றான் என்பதையும் மெதுவாக அறியவேண்டும்.

இவையெல்லாம் நடக்கக்கூடிய காரியங்களா என்று நீங்கள் கேட்கலாம். நோர்வே நாட்டிலே 1982இன் இறுதியில், வட பகுதியைச் சேர்ந்த மூன்று சிறுவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர். சக மாணாக்கரின் கொடுமையே காரணமாக இருந்திருக்கக்கூடும் என்று அறிந்தபோது நாடே திடுக்கிட்டது. மறு ஆண்டே கல்வி அமைச்சு நாடளாவிய இயக்கத்தைத் தொடங்கியது. பேர்கன் நகரிலே 42 பாடசாலைகளின் ஏறக்குறைய 2500 பிள்ளைகளிடையே ஒல்வேயஸ் தம் திட்டத்தைச் செயற்படுத்தி ஆராய்ந்தார். இடைவேளையிலே ஆசிரியர் முற்றத்தில் நிற்றல், வகுப்பிலே சில தெளிவான விதிகள், பெற்றோர் கூட்டம், சம்பந்தப்பட்ட பிள்ளைகளோடு தனிப்பேச்சு என்பனவே அத்திட்டத்தின் உறுப்புகள். கொடுமை பாதியளவுக்கு மேலாகக் குறைந்தது என்று அவர் அறிக்கையிட்டார். எல்லா இடத்திலும் அத்துணைப் பயன் கிடைக்கவில்லை. பல நாடுகளின் திட்டங்களை ஒருங்கே வைத்து ஆராய்ந்து 2011இலே வெளியான மதிப்பீட்டிலே, கொடுமை செய்தல் சராசரியாக நூற்றுக்கு 20 முதல் 23 வரை குறைந்தமை காணப்பட்டது. ஐந்திலே ஒரு பங்கு என்பது சிறிதாகத் தோன்றலாம். அந்த ஒரு பங்குக்குள் உங்கள் பிள்ளை இருக்குமானால் அது சிறிதன்று.

ஈற்றிலே, வாலிப அன்பர்களே, உங்களிடம் வருகின்றேன். பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் எட்டாத இடங்கள் உங்களுக்கு எட்டும். ரியூசன் கொட்டிலுக்குச் செல்லும் ஒழுங்கை, பஸ் நிற்கும் சந்தி, கோயில் வீதி, விளையாட்டு மைதானம் ஆகிய இவ்விடங்களிலே சிறியவர்கள் அண்ணா என்றும் அக்கா என்றும் உங்களைத்தான் பார்க்கின்றனர். நீங்கள் நின்று பார்த்துச் சிரித்தால் அவர்களும் சிரிப்பர். “தம்பி, விடு” என்று இரண்டு சொல் சொல்லுவீர்களாயின் அந்த ஒழுங்கையின் வழக்கமே மாறும். சங்கத்தின் விளையாட்டுக் குழுவிலே ஒரு வழக்கத்தை உண்டாக்குங்கள்: ஆட்கள் தெரியும்போது கடைசியாக எவரும் எடுக்காமல் நிற்கும் பிள்ளையை, முதலிலே எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்களிற் சிலர் நாளை பல்கலைக்கழகம் செல்லப்போகின்றீர்கள். 1997இலே பேராதனையிலே ஒரு மாணவன் பகிடிவதையின் விளைவாக உயிரிழந்தான். தமிழ்த் தாய் ஒருத்தி பெற்று, படிப்பித்து, பட்டதாரியாக வருவான் என்று அனுப்பிய பிள்ளை. மறு ஆண்டு, 1998இலே, 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. சட்டம் வந்து பல ஆண்டுகள் சென்றும் வழக்கம் ஒழியவில்லை. காரணம் என்ன? “எங்களுக்கும் செய்தார்கள், நாங்களும் செய்கின்றோம்” என்னும் ஒரே வாக்கியம். வாங்கிய கடனைக் கொடுத்தவனுக்குத் திருப்பிக் கொடுக்கமாட்டாமல், அடுத்து வரும் ஏழையிடம் வட்டியோடு பறிக்கும் வாக்கியம் அது. “எங்களுக்குச் செய்தார்கள், எங்களோடு முடியட்டும்” என்று சொல்லும் ஒரு தொகுதி மாணவர் எந்த ஊரிலிருந்து புறப்படப்போகின்றனர்? இந்த ஊரிலிருந்தே புறப்படலாகாதா?

முன்வரிசையிலே இருக்கும் தம்பி தங்கையரே, இவ்வளவு நேரமும் பெரியவர்களுக்கே பேசினேன். உங்களுக்கு மூன்று காரியம் சொல்லுகின்றேன். விரலை மடித்து எண்ணிக்கொள்ளுங்கள். யாரையாவது நெளிக்கும்போது சிரிக்காமல் இருங்கள், இது ஒன்று. அந்தப் பிள்ளையின் பக்கத்திலே போய் இருங்கள், இது இரண்டு. பெரியவர் ஒருவருக்குச் சொல்லுங்கள், அவர் கேட்கவில்லை என்றால் இன்னொருவருக்குச் சொல்லுங்கள், இது மூன்று. சண்டியனோடு சண்டைபிடிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பக்கத்திலே போய் இருந்தாலே போதும். தனியாக இருக்கும் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

 இன்றிரவு வீடு சென்றதும், உங்கள் பிள்ளை இடைவேளையிலே யாரோடு இருந்தது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள் என்னும் வேண்டுகோளோடு என் பேச்சை நிறைவு செய்துகொள்ளுகின்றேன்.